கட்டங்கா மைனிங்: கோபால்ட் விலை ஏறினால் சிறு பங்குதாரருக்கு என்ன மிஞ்சும்?

வடலி, 2018 மார்ச் 14

கட்டங்கா மைனிங் (ரொறன்ரோ சந்தையில் கேஏடி) பற்றி இங்கே யாரும் பேசக் காணோம். என் கணக்கைப் போடுகிறேன், பிழை இருந்தால் காட்டுங்கோ. அடுத்த வருஷம் 300,000 தொன் செம்பும் 34,000 தொன் கோபால்ட்டும் எடுப்போம் என்கிறார்கள். இலண்டன் உலோகச் சந்தையில் கோபால்ட் தொன்னுக்கு 90,000 டொலர் அளவில் நிற்கிறது. கோபால்ட் மட்டும் 3 பில்லியன் டொலர். செம்பைத் தொன் 6,800 என்று பிடித்தாலும் 2 பில்லியன். ஆக 5 பில்லியன் விற்பனை, பங்குகள் மொத்தம் 190 கோடி. பங்கு இன்னும் மலிவு என்றுதான் எனக்குப் படுகிறது.

கணக்குப்பிள்ளை, 2018 மார்ச் 15

பெருக்கல் சரி. ஆனால் அந்த 5 பில்லியன் உங்கள் கம்பனியின் காசு அல்ல.

சுரங்கம் கொங்கோவின் கொல்வேசியில் இருக்கிறது. அதை வைத்திருப்பது காமோட்டோ கொப்பர் கம்பனி, சுருக்கமாகக் கேசிசி. கேசிசியில் கட்டங்காவுக்கு 75 வீதம், கொங்கோ அரசின் ஜெகமின் தரப்புக்கு 25 வீதம். கட்டங்காவில் சுவிஸ் சுரங்க, உலோக வணிகக் கம்பனியான கிளென்கோருக்கு 86.3 வீதம். வெளியில் நிற்கும் எல்லாருக்கும் சேர்த்து 13.7. இதை 75ஆல் பெருக்கினால் கேசிசியின் லாபத்தில் 10.3 வீதம். சந்தையில் கைமாறுகிற கேஏடி முழுவதும் இந்தப் பத்து வீதத்துக்கான சீட்டுத்தான்.

அந்தப் பத்துக்கும் முன்னால் வரிசையில் யார் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கோ. கேசிசி கட்டங்காவுக்குக் கடன்பட்டிருக்கிறது. கட்டங்கா கிளென்கோருக்குக் கடன்பட்டிருக்கிறது. இரண்டும் பில்லியன் கணக்கில், இரண்டிலும் வட்டி ஓடுகிறது. 2015 செப்டெம்பரில் ஆலையை நிறுத்திப் போன டிசம்பரில்தான் திறந்தார்கள். அந்த இரண்டு வருஷத்துக்கு மேலான காலத்தில் விற்பனை இல்லை, கட்டுமானச் செலவும் வட்டியும் மட்டும். கடன் இருப்பைப் பார்க்காமல் பங்குக்கு இவ்வளவு லாபம் என்று கணக்குப் போட வழியே இல்லை.

இன்னும் இரண்டு விஷயம். இந்த மாதம் 9ஆம் தேதி கொங்கோவின் புதிய சுரங்கச் சட்டத்தில் ஜனாதிபதி கையெழுத்திட்டார். செம்புக்கான உரிமக் கட்டணம் 2 வீதத்திலிருந்து 3.5 ஆகிறது. ‘மூலோபாயக் கனிமம்’ என்று அறிவித்தால் 10 வீதம். கோபால்ட்டை அந்தப் பட்டியலில் போட ஓர் ஆணை போதும். இந்தக் கட்டணம் விற்பனை மதிப்பில் எடுப்பது, லாபத்தில் அல்ல. நட்டத்தில் ஓடினாலும் கட்டத்தான் வேண்டும்.

மற்றது போன நவம்பர். பழைய வருஷங்களின் செப்புத் தகட்டு உற்பத்தியும் இருப்பும் கூட்டிக் காட்டப்பட்டிருந்ததால் கணக்குகளைத் திருத்தி எழுதினார்கள், கிளென்கோர் நியமித்த மூன்று இயக்குநர்கள் விலகினார்கள். இருப்பை எண்ணிப் பார்க்கவே கட்டுப்பாடு இல்லாத இடத்திலிருந்து வரும் 34,000 தொன் முன்னறிவிப்பை நான் அப்படியே எடுக்கமாட்டேன்.

வடலி, 2018 மார்ச் 15

அண்ணை, 86 வீதம் வைத்திருக்கிற கிளென்கோர் தன் சொத்தைத் தானே கெடுக்குமா? அவனுக்கு நல்லது நடந்தால் எங்களுக்கும் நல்லதுதானே.

கணக்குப்பிள்ளை, 2018 மார்ச் 15

கிளென்கோர் பங்குதாரர் மட்டும் என்றால் நீங்கள் சொல்வது சரி. அவர்களே கடன் கொடுத்தவர். அவர்களே சுரங்கத்தின் ஆயுள் முழுக்கச் செம்பையும் கோபால்ட்டையும் வாங்கும் ஒப்பந்தக்காரர். நிர்வாகமும் அவர்கள் கையில். வட்டியாக வந்தால் 100 வீதமும் அவர்களுக்கு, பங்கு லாபமாக வந்தால் 86. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அறிவிப்பையும் வாசியுங்கோ.

அமிலம், 2018 மார்ச் 18

ஆலைப் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கோ. இந்த வருஷ இலக்கு 150,000 தொன் செம்பு, 11,000 தொன் கோபால்ட். அதாவது 100 தொன் செம்புக்கு 7.3 தொன் கோபால்ட். அடுத்த வருஷ இலக்கில் அது 11.3. செம்பு இரட்டிப்பாகும் அதே நேரம் கோபால்ட் மூன்று மடங்காம். இந்த ஏற்றம் எங்கிருந்து வரும் என்பதுதான் கேள்வி.

பழைய முறையில் தாதை அரைத்து, நுரையில் மிதக்கவிட்டு, செறிவை மட்டும் லூயிலு சுத்திகரிப்பு ஆலைக்கு அனுப்பினார்கள். சல்பைடு செறிவை அங்கே வறுத்த பிறகுதான் அமிலத்தில் கரைப்பது. மிதப்பில் பிடிபடாத ஒக்சைடு செம்பும் கோபால்ட்டும் கழிவோடு போகும். புதிய முறையில் அரைத்த தாது முழுவதும் நேரே கந்தக அமிலத் தொட்டிக்குள் போகிறது. மீட்பு கூடும். ஆனால் செம்போடு சேர்ந்து வரும் பாறையும் அமிலத்துக்குள் போகிறது. அதில் டொலமைட் என்ற சுண்ணாம்பு வகைப் பாறை கூடினால் அது அமிலத்தைக் குடித்துவிடும். ஒரே சுரங்கத்தின் இரண்டு மூலைத் தாதுக்கு இரண்டு அளவு அமிலம் தேவைப்படலாம், அதனால் தாதைக் கலந்து ஊட்டுவது அங்கே அன்றாட வேலை.

கோபால்ட்டுக்குத் தனிச் சிக்கல். ஒக்சைடு தாதில் அது மூன்று வலுவெண் நிலையில் கிடக்கும். வெறும் அமிலத்தில் சரியாகக் கரையாது. கந்தக டயொக்சைட்டோ சோடியம் மெற்றாபைசல்பைற்றோ கொடுத்து இரண்டு வலுவெண்ணுக்கு இறக்க வேண்டும். அந்த இரசாயனம் தட்டுப்பாடானால் செம்பு வழக்கம்போல் கரையும், கோபால்ட் மட்டும் தொட்டியின் சேற்றோடு வெளியேறிவிடும். செம்பு உற்பத்தி நன்றாக ஏறிக் கோபால்ட் பின்தங்கினால் முதலில் இதைச் சந்தேகியுங்கோ.

அமிலம் எங்கிருந்து? வாங்கலாம், அல்லது கந்தகத்தை எரித்து அங்கேயே செய்யலாம். ஒரு தொன் கந்தகம் மூன்று தொன் அமிலம் கொடுக்கும். ஆகவே லொறிக்கூலி மூன்றில் ஒன்றாகிறது, தேவையான டயொக்சைட்டும் அதே உலையிலிருந்து எடுக்கலாம். சொந்த அமில ஆலை ஓடத் தொடங்கும்வரை 11.3ஐ நான் நம்பமாட்டேன். காலாண்டு அறிக்கை வந்தால் மொத்தத் தொன்னைவிட இந்த விகிதத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.

மின்சாரமும் உண்டு. செம்பைத் தகடாகப் படியவைக்க மட்டும் தொன்னுக்கு ஏறத்தாழ 2,000 கிலோவாட் மணி. 300,000 தொன் என்றால் வருஷம் முழுக்க இடைவிடாமல் 70 மெகாவாட், அரைக்கும் ஆலையும் சுரங்கத்து நீரிறைக்கும் பம்பிகளும் அதற்கு மேல். கொங்கோ மின்சாரச் சபையின் கம்பி தடுமாறினால் படிவுத் தொட்டிகள் உடனே காட்டிக்கொடுக்கும்.

தாது தரத்தில் மட்டும் சந்தேகம் வேண்டாம். கேசிசி தோண்டும் கேஓவி என்ற திறந்த குழியில் செம்பு 4 வீதத்துக்கு மேல். உலகத்தின் பெரிய செப்புச் சுரங்கங்கள் பல 1 வீதத்துக்கும் கீழே தோண்டுகின்றன.

கணக்குப்பிள்ளை, 2018 ஏப்ரல் 23

ஜெகமின் வழக்குப் போட்டுவிட்டது. கேசிசியைக் கலைக்கச் சொல்லிக் கொல்வேசி வணிக நீதிமன்றத்தில்.

அடிப்படை இதுதான். கொங்கோ 2012இல் ஒஹாடா என்ற, பல ஆபிரிக்க நாடுகளுக்குப் பொதுவான வணிகச் சட்டத்துக்குள் வந்தது. ஒரு கம்பனியின் சொந்த மூலதனம் (சொத்திலிருந்து கடனைக் கழித்தால் மிஞ்சுவது), பதிவு செய்த பங்கு மூலதனத்தின் பாதிக்குக் கீழே போனால், குறித்த காலத்துக்குள் சரிக்கட்ட வேண்டும். சரிக்கட்டாவிட்டால் யாரும் கலைப்புக் கேட்கலாம். கேசிசியின் முதலீடு முழுக்கக் கடனாக உள்ளே போனது, ஆகவே மூலதனம் வருஷக்கணக்காகக் குழிக்குள். ஜெகமின்னின் நியாயமும் அங்கேதான் இருக்கிறது. கடனுக்கு வட்டி ஓடும்வரை லாபம் வராது, லாபம் வராமல் 25 வீதக்காரனுக்குப் பங்கு லாபம் வராது.

கலைப்பு நடக்கும் என்று நான் நினைக்கவில்லை, ஜெகமின்னுக்கும் அதில் லாபமில்லை. கடனைப் பங்காக மாற்றச் சொல்வார்கள். எந்தக் கடன், யாருடைய கடன் என்பதில்தான் எங்கள் தலைவிதி.

வடலி, 2018 ஜூன் 13

சமாதானம்! 5.6 பில்லியன் டொலர் கடன் பங்காக மாறுகிறது. கடன் பிரச்சினை தீர்ந்தது. ஏற்றம்தான் இனி.

கணக்குப்பிள்ளை, 2018 ஜூன் 13

தம்பி, எந்தக் கடன் என்று வாசியுங்கோ. மாறுவது கேசிசி கட்டங்கா குழுமத்துக்குக் கொடுக்கவேண்டிய கடன். கட்டங்கா கிளென்கோருக்குக் கொடுக்கவேண்டியது அப்படியே நிற்கிறது.

விளைவைப் பாருங்கோ. நேற்றுவரை கேசிசி காசு உழைத்தால் அந்த 5.6 பில்லியன் வட்டியோடு முழுதாகக் கட்டங்காவுக்கு வரவேண்டியது. இன்று அது பங்கு மூலதனம். ஜெகமின்னின் 25 வீதம் குறையாமல் நிற்பதால், அந்தக் காசில் கால் பங்கு ஜெகமின்னுக்குப் போகும். 5.6இன் கால்வாசி 1.4 பில்லியன். கட்டங்காவின் வரவு சுருங்கியது, பற்று சுருங்கவில்லை. கேசிசியில் மிஞ்சிய கடன் 3.45 பில்லியன் அளவில். அதோடு பழைய தகராறுகளைத் தீர்க்க ஜெகமின்னுக்கு 150 மில்லியன் ரொக்கம்.

சுரங்கம் பிழைத்தது, அது நல்ல செய்திதான். பங்கின் பெறுமதி வேறு கணக்கு.

கணக்குப்பிள்ளை, 2018 ஜூன் 16

இன்னொரு முடிச்சும் அவிழ்ந்தது. கேசிசியின் உரிமத்தொகையில் ஒரு பகுதி இஸ்ரேலிய வணிகர் டான் கெர்ட்லரின் கம்பனிகளுக்குப் போகவேண்டியது. 2017 டிசம்பரில் அமெரிக்கா அவர்மேல் தடை போட்டது. கட்டினால் அமெரிக்கச் சட்டம், கட்டாவிட்டால் கொங்கோவில் சொத்து முடக்கம், இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டியிருந்தார்கள். இப்போது டொலரில் இல்லாமல் யூரோவில் கட்டுவதாகக் கிளென்கோர் அறிவித்திருக்கிறது. கொல்வேசியில் ஆலை ஓடும். வாஷிங்டன் என்ன சொல்லும் என்பதைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை, 2018 ஜூலை 4

அமெரிக்க நீதித் திணைக்களம் கிளென்கோரிடம் கொங்கோ, நைஜீரியா, வெனிசுவேலா ஆவணங்களைக் கேட்டு அழைப்பாணை அனுப்பியிருக்கிறது. மேலே 16ஆம் தேதி எழுதியதோடு சேர்த்து வாசியுங்கோ.

அமிலம், 2018 நவம்பர் 7

கோபால்ட் ஏற்றுமதியை நிறுத்திவிட்டார்கள். கம்பனி விற்கும் கோபால்ட் ஹைதரொக்சைட்டில் யுரேனியம், ஆபிரிக்கத் துறைமுகங்கள் வழியாக வெளியே அனுப்ப அனுமதிக்கும் அளவுக்கு மேல்.

கொல்வேசித் தாதில் யுரேனியம் இருப்பது புதுமை அல்ல. அந்தச் செப்புப் பட்டையில்தான் ஷிங்கொலொப்வே இருக்கிறது, இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்துக்கு யுரேனியம் போன இடம். தாது முழுவதையும் அமிலத்தில் போட்டால் யுரேனியமும் கரையும். செம்பைப் பிரித்த பிறகு, இரும்பு, அலுமினியம், மங்கனீசு எல்லாம் வரிசையாகச் சுண்ணாம்பால் கழித்து, கடைசியில் மக்னீசியம் ஒக்சைடு போட்டுக் கோபால்ட்டைப் படியவைப்பார்கள். அதுவரை கரைசலில் தங்கிய யுரேனியம் அதே படிவில் ஒட்டிக்கொள்ளும்.

தீர்வு அயன் பரிமாற்று. கரைசலைப் பிசின் மணிகள் நிறைந்த குழாயினூடாக விட்டால் யுரேனியம் மணியில் நிற்கும், கோபால்ட் கடந்துபோகும். 25 மில்லியன் டொலர் செலவு என்கிறார்கள். அதிகமில்லை. அடுத்த வருஷ நடுப்பகுதிவரை விற்காமல் கிடக்கும் சரக்குத்தான் செலவு. விலை இறங்கும் காலத்தில் மூட்டையில் கட்டி வைத்த ஹைதரொக்சைட் வட்டியும் தின்னும், பெறுமதியும் இழக்கும்.

இன்னொன்று, வடலியின் முதல் கணக்குக்காக. கம்பனி விற்பது உலோகம் அல்ல. உலர்நிலையில் 30 வீதம் அளவு கோபால்ட் உள்ள ஈரப் பசை. கொல்வேசியிலிருந்து கசும்பலேசா எல்லை தாண்டி டேர்பன்வரை 3,000 கிலோமீட்டர் லொறியில் போய், அங்கிருந்து கப்பலில் சீனா. வாங்குபவர் உலோக விலையில் ஒரு பகுதியைத்தான் கொடுப்பார். சந்தை சூடாக இருக்கும்போது அந்தப் பகுதியின் வீதம் ஏறும், விழும்போது விலையோடு சேர்ந்து அதுவும் விழும். இரண்டு இறக்கமும் ஒன்றையொன்று பெருக்கும்.

கணக்குப்பிள்ளை, 2018 டிசம்பர் 19

ஒன்ராறியோ பங்குப்பத்திர ஆணையத்தோடு இணக்கம். ஏறத்தாழ 30 மில்லியன் கனடிய டொலர் கம்பனி கட்டுகிறது, சில இயக்குநர்களுக்கும் அதிகாரிகளுக்கும் தனித் தண்டம், தடை. கணக்கைக் கூட்டிக் காட்டியது ஒன்று. கெர்ட்லர் தொடர்பில் இருந்த அபாயத்தைப் பங்குதாரருக்குச் சொல்லாமல் விட்டது மற்றது. கம்பனி கட்டும் தண்டம் கம்பனியின் பெட்டியிலிருந்து போகிறது. ஏமாந்த பங்குதாரரும் தன் வீதப்படி அதில் சேர்ந்து கட்டுகிறார். இது எனக்கு ஆறாத கோபம்.

இன்னொன்று: கோபால்ட் மூலோபாயக் கனிமமாகிவிட்டது. இனி 10 வீதம்.

வடலி, 2019 ஏப்ரல் 16

ஏற்றுமதி மறுபடி தொடங்குகிறது, அளவோடு. யுரேனியம் குறைந்த சரக்கு மட்டும். கோபால்ட் 30,000 டொலர் பக்கம். போன வருஷம் மார்ச்சில் எழுதிய 3 பில்லியனை இந்த விலையில் மறுபடி போட்டால் 1 பில்லியன் வருகிறது, அதுவும் 34,000 தொன் வந்தால்.

முத்துநகரான், 2019 மே 24

அண்ணே, தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். சாம்பியாவில் வேதாந்தாவின் கொன்கோலா சுரங்கத்துக்கு அரசு தற்காலிகக் கலைப்பாளரைப் போட்டிருப்பதாகச் செய்தி. அதுவும் செம்பு, கோபால்ட்தான். மும்பையில் வேதாந்தா பங்கு வைத்திருப்பவர்களுக்கு அடி விழுமா?

கணக்குப்பிள்ளை, 2019 மே 24

நேரடியாக இல்லை. கொன்கோலா இலண்டன் பக்கத் தாய்க் கம்பனியான வேதாந்தா ரிசோர்சஸின் கீழே இருக்கிறது. மும்பையில் பட்டியலிட்ட வேதாந்தா லிமிடெட்டில் அது இல்லை. ஆனால் தாய்க்குக் காசு முடை வந்தால் பிள்ளையிடமிருந்து பங்கு லாபமாகவும் வேறு வழியிலும் எடுக்கப் பார்க்கும், அந்த வழியில் பாதிப்பு வரலாம். கொங்கோவில் நீதிமன்ற மிரட்டல், சாம்பியாவில் கலைப்பாளர். சுரங்கம் நாட்டை விட்டு ஓட முடியாது என்று இரண்டு அரசுக்கும் தெரியும்.

அமிலம், 2019 ஜூன் 29

27ஆம் தேதி கேஓவி குழியில் மண்சரிவு. உள்ளே புகுந்து கையால் தோண்டிக்கொண்டிருந்தவர்கள் மேல் இரண்டு தட்டுகள் சரிந்தன. இறந்தவர் எண்ணிக்கை 40ஐத் தாண்டிவிட்டது. நாளொன்றுக்குச் சராசரி 2,000 பேர் இப்படி உள்ளே வருவதாகக் கம்பனியே சொல்கிறது. 2016 மார்ச்சிலும் இதே குழியின் சுவர் இடிந்து ஏழு பேர் போனார்கள், அன்று தொழிலாளர்கள்.

2,000 பேரை வேலி தடுக்காது. ஒரு மூட்டை தாது விற்றால்தான் அன்றைக்குச் சாப்பாடு என்று வாழ்கிறவர்கள். முதலீட்டுக் கேள்வி இதற்கு அடுத்ததுதான். ஆனாலும் இந்தச் சுரங்கத்தின் பங்கை வாங்குகிறவர் குழியின் சரிவுக் கோணம், காவல், ஊராருக்கு ஒதுக்கிய இடம் எல்லாவற்றையும் செலவுக் கணக்கில் எழுதத்தான் வேண்டும். எங்கள் யாருடைய அட்டவணையிலும் இதற்கென ஒரு வரி இருக்கவில்லை.

வடலி, 2019 ஆகஸ்ட் 8

கிளென்கோர் முத்தாண்டாவை இந்த வருஷ இறுதியில் மூடப்போகிறது. உலகத்திலேயே பெரிய கோபால்ட் சுரங்கம். சந்தையில் சரக்குக் குறைந்தால் கேஏடிக்கு நல்லதுதானே?

கணக்குப்பிள்ளை, 2019 ஆகஸ்ட் 8

விலைக்கு நல்லது. ஆனால் இவ்வளவு பெரிய சுரங்கமே இந்த விலையில் ஓடிக் கட்டாது என்று சொந்தக்காரரே சொல்கிறார். அதையும் சேர்த்துக் கேளுங்கோ.

கணக்குப்பிள்ளை, 2020 பெப்ரவரி 6

2018 மார்ச்சில் தொடங்கிய கணக்கை முடிக்க வேண்டிய நேரம்.

போன வருஷக் கடைசியில் உரிமைப் பங்கு வெளியீடு (இருக்கும் பங்குதாரருக்கே அவரவர் வீதப்படி புதுப் பங்கு விற்பது) நடந்தது, 5.8 பில்லியன் அமெரிக்க டொலருக்கு. 190 கோடி பங்கால் பிரித்துப் பாருங்கோ: இருக்கும் ஒவ்வொரு பங்குக்கும் 3 டொலர். 10,000 பங்கு வைத்திருந்தவர் தன் வீதத்தைக் காப்பாற்ற 30,000 அமெரிக்க டொலர் புதிதாகப் போடவேண்டும், அவர் கையிலிருந்த பங்குகளின் சந்தை மதிப்பைப்போல் பல மடங்கு. யார் போடுவார்? கிளென்கோர் போட்டது. அந்தக் காசு கட்டங்காவுக்குள் வந்து, கிளென்கோரின் பழைய கடனை அடைக்கத் திரும்பிப் போனது. நடுவில் 86.3 வீதம் 99.5 ஆனது. எங்கள் 13.7, அரை வீதம் ஆனது. 27இல் ஒரு பங்கு.

ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. கடன் இருப்பு ஒவ்வொரு காலாண்டு அறிக்கையிலும் அச்சில் இருந்தது. இப்படியொரு கம்பனியில் கடன்காரரே பெரும் பங்குதாரர் என்றால், கடனைப் பங்காக மாற்றும் நாளையும் விலையையும் அவரே தேர்ந்தெடுப்பார், பெரும்பாலும் உலோக விலை அடியில் கிடக்கும்போது. கோபால்ட் 90,000இல் நின்ற 2018 மார்ச்சில் இதைச் செய்திருந்தால் சிறு பங்குதாரர் இவ்வளவு கரைந்திருக்கமாட்டார்.

அமிலம், 2020 பெப்ரவரி 7

விகிதம் பார்க்கச் சொல்லியிருந்தேன். 2018இல் 152,400 தொன் செம்பு, 11,100 தொன் கோபால்ட்: 7.3 வீதம். 2019இல் 234,500க்கு 17,100: அதே 7.3. செம்பு பாதிக்கு மேல் கூடியும் விகிதம் அசையவே இல்லை. 34,000க்குப் பாதிதான் வந்தது. அமில ஆலை முழு வீச்சில் ஓடும் வருஷத்தில் இது ஏறினால் ஏறட்டும். அந்தப் பலன் யாருக்கு என்று மேலே எழுதியாகிவிட்டது.

வடலி, 2020 ஜூன் 20

எல்லாம் முடிந்தது. சிறு பங்குதாரரைக் காசு கொடுத்து வெளியேற்றிவிட்டார்கள். பங்குக்கு 16 சதம் கனடியக் காசு, ரொறன்ரோ பட்டியலிலிருந்தும் நீக்கியாகிவிட்டது. சிறு பங்குதாரருக்குத் தனி வாக்கெடுப்பு என்று ஒன்று இருக்கிறதே, அதில் மறுத்திருக்க முடியாதா?

கணக்குப்பிள்ளை, 2020 ஜூன் 20

ஒன்ராறியோ விதிப்படி, ஒருவர் 90 வீதத்துக்கு மேல் வைத்திருந்து, மறுப்பவருக்கு நியாய விலையை நீதிமன்றத்தில் கேட்கும் உரிமையும் இருந்தால், அந்த வாக்கெடுப்பு தேவையில்லை. 99.5 ஆன நாளிலேயே அந்தக் கதவு மூடிவிட்டது. நீதிமன்றம் போகலாம், ஆனால் சில ஆயிரம் பங்குக்குச் சட்டத்தரணிக் கூலி கட்டாது.

இனி வரி வேலை. வாங்கிய விலையும் தரகும் சேர்ந்த அடக்க விலையிலிருந்து 16 சதத்தைக் கழித்தால் வருவது மூலதன நட்டம். உரிமைப் பங்கு வாங்கியிருந்தால் அந்தக் காசையும் பங்குகளையும் சேர்த்துச் சராசரி எடுங்கோ. 2020 வரிப் படிவத்தில் அட்டவணை 3இல் போடவேண்டும். இந்த வருஷம் கழிக்க மூலதன லாபம் இல்லாவிட்டால் டி1ஏ படிவம் நிரப்பி முந்திய மூன்று வருஷத்து லாபத்துக்கு எதிராகப் பின்னோக்கிக் கொண்டுபோகலாம், முன்னோக்கிக் காலவரையறை இல்லை. வரியில்லாச் சேமிப்புக் கணக்கான டிஎஃப்எஸ்ஏயில் வைத்திருந்தவருக்கு இந்தச் சலுகை கிடையாது, அங்கே நட்டம் நட்டம்தான். தரகரிடம் பங்கு வைத்திருந்தால் காசு தானாகக் கணக்கில் விழும். காகிதச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் அனுப்புகைப் படிவத்தைக் கையெழுத்திட்டுச் சான்றிதழோடு பரிமாற்ற முகவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினால்தான் காசு வரும்.